கொம்பனித்தெரு: பெயரில் மட்டும் வாழ்ந்தவர்கள்

கொழும்பிலே ஓரிடத்திற்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் வழங்குவது புதினமல்ல. ஆனால் அம்மூன்றும் ஒரே வரலாற்றைச் சொல்லுமென எதிர்பார்க்க முடியாது. பேரை வாவிக் கரையிலுள்ள கொம்பனித்தெரு இதற்கு நல்ல சான்று. தமிழரும் சிங்களவரும் கொம்பனியின் பெயரால் அவ்விடத்தை அழைத்தார்கள். ஆங்கிலேயரோ ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத்தீவு என்றார்கள். நம் பெயர் எசமானை நினைவில் வைத்தது. ஆங்கிலப் பெயர் அடிமையை நினைவில் வைத்தது.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கொம்பனி, கோட்டையில் பகலெல்லாம் உழைத்த அடிமைகளை இரவில் வாவி நீர் வளைத்த இந்நிலத்தில் அடைத்து வைத்தது. வாவியில் முதலைகள் காவல் இருந்தனவென்று இன்றும் கதை சொல்வார்கள். அந்த அடிமைகள் யார்? ஆபிரிக்கர் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் நேயர்களே, 1659 தொடக்கம் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் ஆயிரக்கணக்கான தமிழரைக் கொம்பனி விலைக்கு வாங்கியது. அவர்களில் ஒரு பகுதியினர் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டனர். ஆக, அடிமைகளின் கதை நமக்கு அந்நியமான கதையன்று.

பின்னாளில் இங்கு குடியேறியவர்கள் தங்கள் சுவடுகளை விட்டுச் சென்றார்கள். மலாயர் வழிபடும் வேகந்தைப் பள்ளிவாசல், பந்தன் பாலி என்பவர் அளித்த நிலத்தில் 1786இல் எழுந்தது. ஆங்கிலேயரின் ரைபிள் படையில் மலாயர் பெருமளவில் சேவை செய்தனர். அப்படை 1873இல் கலைக்கப்பட்ட பின்னரும் ரைபிள் வீதி, மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை என்று தெருக்கள் அவர்களை நினைவூட்டின. 1869இல் பாபா யூனூஸ் சல்தீன், ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் தொடங்கினார். தமிழோடும் சிங்களத்தோடும் பழகிய இலங்கை மலாய், வினைச்சொல்லை வாக்கிய இறுதியில் வைக்கவும் கற்றுக்கொண்டது. அயலிலே சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் தெரு இது.

படைவீரருக்குப் பள்ளிவாசல் உண்டு. பக்தருக்குக் கோபுரம் உண்டு. அடிமைகளுக்கு என்ன உண்டு? 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அவர்களுக்கென்று ஒரு கல்லறையோ கல்வெட்டோ இங்கே நாம் காட்ட முடியாது. எஞ்சியது அந்த ஆங்கிலப் பெயர் ஒன்றுதான்.

2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் பழைய ஒழுங்கைகள் பல வானளாவிய மாடிகளுக்கு வழிவிட்டன. 2022இல் ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே வழங்குமாறு அரசு பணித்தது. அடிமை என்ற சொல்லை முகவரியாகச் சுமக்க எவர்தான் விரும்புவர்? அதை நீக்கியதைக் குறைகூற முடியாது.

ஆனால் பெயரோடு அந்த மனிதரும் மறைந்துவிடலாகாது. எசமானின் பெயர் மூன்று மொழிகளிலும் நிலைத்துவிட்டது. அவன் விலைகொடுத்து வாங்கியவர்களுக்காக வாவிக் கரையில் ஒரு நினைவுக்கல்லாவது நடவேண்டும். அதில் மூன்று மொழிகளும் ஒரே வரலாற்றைச் சொல்லட்டும்.