ஷார்ட்டா, கண்டுபிடிப்பா? ஜோசப்சன் முதல் கிராஃபீன் வரை

சர்க்யூட் போர்டு நோண்டிய யாருக்கும் இது தெரியும். மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் வைத்துத் தொடும்போது, சத்தம் வரக்கூடாத இடத்தில் 'பீப்' வந்தால் ஷார்ட். எங்கேயோ ஈயம் ஒழுகியிருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல யோசிக்க மாட்டோம். கிராஃபீன் பற்றிப் படிக்கப் போன இடத்தில் இதே 'பீப்' கதை ஒன்றில் மாட்டிக்கொண்டேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

1960. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இவார் யேவர் இரண்டு உலோகப் படலங்களுக்கு நடுவே மெல்லிய ஆக்சைடு அடுக்கை வைத்து, கடுங்குளிரில் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தார். சில மாதிரிகளில் வோல்டேஜ் பூஜ்யமாக இருக்கும்போதே கரண்ட் ஓடியது. ஆக்சைடில் ஓட்டை, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிட்டது, அதாவது ஷார்ட் என்று நினைத்தார். அந்த விளைவு தன் கண்ணில் பட்டும் அதன் அர்த்தம் புரியவில்லை என்று பின்னால் தன் நோபல் உரையில் அவரே ஒப்புக்கொண்டார்.

1962-ல் கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவர் பிரையன் ஜோசப்சன் காகிதத்தில் கணக்குப் போட்டார். மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத்தான் நகரும். அந்த ஜோடிகள் நடுவில் உள்ள காப்பு அடுக்கையும் தாண்டும், அதுவும் வோல்டேஜே இல்லாமல் என்றது அவர் கணக்கு. எதிர்த்தவர் லேசுப்பட்டவர் இல்லை. மீக்கடத்தலுக்கே விளக்கம் தந்த மூவரில் ஒருவரான ஜான் பார்டீன்! அந்த ஆண்டு லண்டன் மாநாட்டில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். பெரியவர் தவறு, மாணவர் சரி.

ஆனா அதை எப்படி நிரூபிப்பது? பூஜ்ய வோல்டேஜில் கரண்ட் ஓடுவதை மட்டும் காட்டினால், "ஷார்ட்தானே?" என்று யாரும் கேட்கலாம். 1963-ல் பெல் ஆய்வகத்தின் ஆண்டர்சனும் ரோவலும் சின்னக் காந்தப்புலத்தை வைத்துச் சோதித்தார்கள். ஷார்ட் ஆன உலோகம் அதைக் கண்டுகொள்ளாது. ஜோசப்சன் கரண்டோ சட்டென்று குறையும். புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அலை மாதிரி ஏறி இறங்கும். அப்படியும் தங்கள் கட்டுரைத் தலைப்பில் 'அநேகமாக' என்றொரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. அதே ஆண்டு சிட்னி ஷபிரோ இரண்டாவது சோதனையைத் தந்தார். மைக்ரோவேவ் பட்டால் வோல்டேஜ் படிப்படியாக ஏறும். 1 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு படி சுமார் 2.07 மைக்ரோவோல்ட். எந்தப் பொருளில் செய்தாலும் அதே அளவு. 1973-ல் ஜோசப்சன், யேவர், எசாகி மூவருக்கும் நோபல்.

இப்போ கிராஃபீனுக்கு வருவோம். 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டிலிருந்து ஒரே ஓர் அணு கனமுள்ள தாளை உரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். 2007-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு அந்தத் தாளின் மேல் இரண்டு அலுமினிய மின்முனைகளைச் சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் வைத்து, 30 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தது. கிராஃபீன் தானாக மீக்கடத்தி இல்லை. அலுமினியத்தின் ஜோடிகள் அதற்குள் கசிந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தன.

உடனே அதே பழைய சந்தேகம்: இது ஷார்ட்டா? பதிலும் அதே பழைய இரண்டு சோதனைகள்தான். காந்தப்புலத்தில் ஏற்ற இறக்கம் தெரிந்தது, மைக்ரோவேவில் ஷபிரோ படிகளும் வந்தன. மூன்றாவதாக ஒரு சாட்சியைக் கிராஃபீனே தந்தது. கேட் வோல்டேஜைத் திருப்பினால் கரண்ட் கூடும், குறையும். ஒரு பக்கம் திருப்பினால் எலக்ட்ரான்கள் சுமக்கும், மறுபக்கம் திருப்பினால் துளைகள் சுமக்கும். உலோக ஷார்ட் எதுவும் இப்படிக் கேட்டின் பேச்சைக் கேட்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி உண்டு. அங்கே சராசரியாகப் பார்த்தால் சுமக்க ஆளே இல்லை. ஒண்ணுமே இல்லாத இடத்துல கரண்டும் நின்னுடணும், இல்லையா? நிற்கவில்லை. சுத்தமான கிராஃபீனில் அது நிற்காது என்று டிட்டோவும் பீனாக்கரும் 2006-லேயே கணித்திருந்தார்கள். ஆனால் டெல்ஃப்ட் மாதிரிகள் அவ்வளவு சுத்தமானவை அல்ல. கணிப்பு அப்படியே நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. போரான் நைட்ரைடுக்கு நடுவே கிராஃபீனைப் பொதிந்து, எலக்ட்ரான்கள் மோதாமல் கடக்கும் சந்திகளை உருவாக்கியது 2015 வாக்கில்தான்.

டெல்ஃப்ட் குழுவில் இருந்த பாப்லோ ஹரியோ-ஹெரேரோதான் 2018-ல் எம்ஐடியில் இரண்டு கிராஃபீன் தாள்களைச் சுமார் 1.1 பாகை திருகி அடுக்கி, கடன் வாங்காமலே மீக்கடத்தலைக் காட்டிய குழுவின் தலைவர். 2021-ல் அப்படித் திருகிய அடுக்கிலேயே, கேட் வோல்டேஜை மட்டும் வைத்து ஜோசப்சன் சந்தியை அமைத்துவிட்டார்கள். அலுமினியம் தேவைப்படவில்லை.

யேவர் பார்த்ததும் ஆண்டர்சனும் ரோவலும் பார்த்ததும் ஒரே கரண்டுதான். காந்தப்புலத்தை வைத்துப் பார்த்தபோதுதான் அது ஷார்ட் இல்லை என்று தெரிந்தது. அடுத்த தடவை என் மேஜையில் 'பீப்' அடித்தால் அது ஷார்ட்டாகத்தான் இருக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை அளந்து பார்ப்பேன்.