பிரதேச அரசாங்கங்களின் அதிகார சமத்துவம் (ஐக்கிய ராஜ்யம்)

பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சட்டங்களால் அதிகாரம் பெற்ற ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பிரதேசங்களின் அரசாங்கங்கள் தம்முள் சமமான அதிகாரம் உடையனவாதல் வேண்டுமா என்பது பற்றிய அரசியல் விவாதம்.

1997-இலும் 1998-இலும் நடைபெற்ற பொதுஜன வாக்கெடுப்புகளை அனுசரித்து, 1998-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மூன்று பிரதேசங்களுக்கும் மூவேறு அமைப்புகளை வகுத்தன. லண்டனுக்கென ஒதுக்கப்பட்ட விஷயங்கள் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் சட்டமியற்றும் உரிமையை ஸ்காட்லாந்து ஆரம்பத்திலேயே அடைந்திருக்க, துணை விதிகளை மட்டுமே இயற்ற வல்லதாயிருந்த வேல்ஸ் சட்டசபை, 2011-ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் பின்னரே தன் துறைகளில் முழுச் சட்ட அதிகாரத்தையும், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்தை ஒத்த முறையையும் எய்திற்று. எனினும், 2010-இல் வட அயர்லாந்துக்கு மாற்றப்பட்ட போலீஸ், நீதி நிர்வாகம் ஆகியவை வேல்ஸைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் லண்டன் வசமே உள்ளன.

ஒரே ராஜ்யத்துப் பிரஜைகளுக்குள் உரிமைபேதம் கூடாதென்பது சமத்துவவாதிகளின் சித்தாந்தம். 1707-ஆம் ஆண்டு இங்கிலாந்துடன் இணைந்த பின்னும் தனக்கெனத் தனி நீதிமுறையைக் காத்துவந்த ஸ்காட்லாந்தும், பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்ட வேல்ஸும், யூனியனிஸ்டுகள், தேசியவாதிகள் என்னும் இரு சமூகத்தாரும் அதிகாரத்தைப் பகிர்ந்தே ஆளவேண்டிய வட அயர்லாந்தும் சரித்திரத்தால் வேறுபட்டவை ஆகையால், அதிகாரமும் வேறுபடுதலே நியாயம் என்பது மறுதரப்பு.

தனிச் சட்டசபையற்ற இங்கிலாந்தின் நிலை இவ்விவாதத்தின் தீராத சிக்கலாகும். ஸ்காட்லாந்து அங்கத்தினர் இங்கிலாந்தின் விஷயங்களில் வாக்களிப்பது முறையா என்று 1977-இல் பார்லிமெண்ட் அங்கத்தினர் டாம் டேலியல் எழுப்பிய வினாவுக்குப் பரிகாரமாக, 2015-இல் காமன்ஸ் சபை மேற்கொண்ட விசேஷ நடைமுறை 2021-இல் கைவிடப்பட்டது.