ஆனைமலையில் காடு எவ்வளவு?

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை. "அடேயப்பா, எவ்வளவு காடு!" என்று வியக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி காடு இல்லை, தேயிலை!

1890களுக்கு முன் அங்கே இருந்தது மழைக்காடு. காடர் போன்ற பழங்குடியினர் வாழ்ந்த இடம். பிறகு வெள்ளைக்கார தோட்ட முதலாளிகள் வந்தார்கள். முதலில் காபி, பின்னர் தேயிலை. சில பத்தாண்டுகளில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமி முழுக்கத் தோட்டமாகி, நடுவே துண்டு துண்டாகச் சில சோலைகள் மட்டும் மிஞ்சின.

இதே மலையின் இன்னொரு பக்கம் டாப்சிலிப். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்டதால் வந்த பெயர். கப்பல் கட்டவும் ரயில் பாதைக்குக் கட்டை போடவும் வெட்டி வெட்டி, தேக்கு அருகிப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், வெட்டிய இடங்களில் மீண்டும் தேக்கை வளர்த்தார். 1933ல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் அந்தத் தேக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

இப்போது கேள்வி: இதில் எது காடு? மழைக்காடா, வுட் நட்ட தேக்கா, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கா?

இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987லிருந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து நாட்டின் வனப்பரப்பைக் கணக்கிட்டு அறிக்கை வெளியிடுகிறது. அதன் இலக்கணம் எளிமையானது. 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர நிழல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆக மழைக்காட்டை அழித்து வைத்த காபித் தோட்டமும் சேரும், பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் சேரும்! ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்போ பழத்தோட்டத்தையும் எண்ணெய்ப் பனையையும் காடாக ஏற்பதில்லை, ஆனால் ரப்பர் தோட்டத்தை ஏற்கிறது. ஆளுக்கொரு அளவுகோல்.

அளவுகோல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 1999 அறிக்கையில் இந்திய வனப்பரப்பு சுமார் 6.37 லட்சம் சதுர கி.மீ. 2001 அறிக்கையில் 6.75 லட்சம்! இரண்டே வருடத்தில் கேரளா அளவுக்குக் காடு முளைத்ததா? இல்லை. அதுவரை 25 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகள் வரைபடத்தில் விழவில்லை. 2001ல் 1 ஹெக்டேர் வரை பதிவானது. கூடியதில் பெரும்பங்கு புதுக் காடு அல்ல, புதுக் கண்ணாடி!

2010ல் புய்ராவோ, பிரியா தாவிதார், லாரன்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். தோட்ட மரங்களைக் கழித்துப் பார்த்தால் நாட்டின் இயற்கைக் காடு வருடத்துக்கு 1.5 முதல் 2.7 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அரசு அறிக்கை காடு கூடுகிறது என்று சொன்ன அதே காலகட்டம் அது.

தேயிலையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பித்தான் வாழ்கின்றன. ஆனால் சோலை மந்திக்கும் இருவாச்சிக்கும் சில்வர் ஓக் மரங்கள் வீடாகாது. அங்கே மிஞ்சிய சோலைத் துண்டுகளில் மண்ணுக்குரிய மரங்களைத் திரும்ப நடும் வேலையைச் சூழல் ஆய்வாளர்கள் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து செய்து வருகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் சோலையையும் தோப்பையும் ஒரே எண்ணில் கூட்டும் வரை, ஒரு சோலை அழிந்து தோப்பு வந்தால் மொத்தக் கணக்கில் எதுவும் குறையாது. குறையாத ஒன்றைக் காப்பாற்ற யார் வருவார்கள்?

அடுத்த முறை "வனப்பரப்பு அதிகரிப்பு" என்று செய்தி வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். எந்த மரம்?