பாவித்த மின்சாரக் காரும் அதன் மறைந்த வயதும்

பெற்றோல் கார் ஒன்றைப் பிறரிடமிருந்து விலைக்கு வாங்கச் செல்பவர் கண்ணையும் காதையும் மூக்கையும் துணையாகக் கொண்டே செல்வார். எஞ்சினை இயக்கச் சொல்லி அதன் ஒலியைக் கேட்பார். பின்னே எழும் புகையின் நிறத்தைப் பார்ப்பார். எண்ணெயை விரலில் தொட்டு முகர்வார். மின்சாரக் காரின் முன்னே இவ்வித்தைகள் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. அதன் மோட்டார் புகைவதில்லை, இரைவதில்லை, பல்லாண்டு ஓடிய பின்னரும் எளிதில் தேய்வு காட்டுவதில்லை. காரின் உண்மையான வயது, தளத்தின் கீழே மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் கிடக்கும் மின்கலவடுக்கிலே ஒளிந்திருக்கின்றது. அவ்வயதை அறிவது எவ்வாறு, அதனால் நேரும் நட்டத்தை ஏற்பவர் யார் என்னும் இரு வினாக்களும் இக்காலத்திலே தோன்றியவை என எண்ணுவோர் பலர். உண்மையில் அவை மின்சாரக் காருடனேயே பிறந்தவை.

பிரெஞ்சு பௌதிகவியலாளரான கஸ்தோன் பிளாந்தே 1859 ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளைச் சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை ஆக்கினார். மின்சார வண்டிக்கு உயிர் தந்தது அக்கலமே. நாற்பது ஆண்டுகளின் பின், 1899 இல், பெல்ஜிய நாட்டவரான கமில் ஜெனற்சி சுருட்டு வடிவிலமைந்த மின்சார வண்டியொன்றைச் செலுத்தி, மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் எல்லையைக் கடந்தார். அதற்கு முன்னர் வீதி வண்டி எதுவும் அவ்வேகத்தை எட்டியதில்லை. அக்காலத்து அமெரிக்க நகரங்களில் நீராவி வண்டியும் மின்சார வண்டியும் பெற்றோல் வண்டியும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லை இல்லாமையால் மின்சார வண்டியை விரும்பினோர் பலர்.

ஈயக் கலத்தின் குறை யாதெனில், மின்னேற்றி இறக்குந்தோறும் தகட்டில் அப்பிய பசை சிறிது சிறிதாக உதிர்வதே. உதிர்ந்த துகள் அடியில் வண்டலாகப் படியும். வண்டல் உயர்ந்து தகடுகளைத் தொட்டுவிட்டால் கலம் பாழாகும். வண்டியோ வார்னிஷ் மினுமினுக்கப் புதுமணப்பெண் போல நிற்கும். விடயம் அறிந்தவர்கள் அத்தோற்றத்தில் மயங்கவில்லை. அமிலத்தின் அடர்த்தியைக் கலம் கலமாக அளந்தனர். வண்டலின் உயரத்தைப் பார்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, முற்றாக மின்னேற்றி, பின்னர் அளவான ஓட்டத்தில் இறக்கி, எத்தனை மணிநேரம் தாங்குகின்றதெனக் கணக்கிட்டனர். கலங்கள் சங்கிலியாகத் தொடுக்கப்பட்டிருப்பதால், நாற்பது நல்ல கலங்களுக்கிடையே ஒரு கெட்ட கலம் இருப்பினும் வண்டி இடைவழியில் நின்றுவிடும்.

இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் தோமஸ் அல்வா எடிசன். ஈயமும் அமிலமும் இல்லாது, நிக்கலும் இரும்பும் காரமும் கொண்ட கலத்தை அவர் விளம்பரத்துடன் விற்பனைக்கு விட்டார். அக்கலங்கள் ஒழுகின, கொள்ளளவும் குன்றியது. 1904 இல் எடிசன் உற்பத்தியை நிறுத்தி, விற்றவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளை ஆய்வில் கழித்து 1909 இல் திருத்திய கலத்தை வெளியிட்டார். அது நெடுங்காலம் உழைக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘டிற்றொயிற் எலெக்ரிக்’ காரில் அக்கலவடுக்கைப் பெற விரும்பியவர் ஏறத்தாழ 600 டொலர் மேலதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1915 அளவில் ஹென்றி போட் விற்ற ‘மொடல் ரி’ கார் முழுவதுக்கும் அத்தொகை ஆகவில்லை. அந்தப் போட்டின் மனைவியார் கிளாரா, 1914 ஆம் ஆண்டு ‘டிற்றொயிற் எலெக்ரிக்’ கார் ஒன்றையே தமக்கென வைத்திருந்தார் என்பது சுவையான செய்தி.

கலத்தை வலிதாக்க எடிசன் முயன்றுகொண்டிருக்க, ஹாட்போட் நகரத்து மின்சாரக் கொம்பனி வேறொரு வழியைக் கண்டது. அவ்வழி எடிசனின் வழியினும் மேலானது எனலாம். 1910 முதல் அங்கே மின்சாரப் பாரவண்டி வாங்குவோர் வண்டியை மாத்திரம் வாங்கினர். மின்கலவடுக்கு கொம்பனியின் உடைமையாகவே இருந்தது. உரிமையாளர் மாதக் கட்டணத்துடன் ஓடிய மைல்களுக்கும் பணம் செலுத்தினார். இறங்கிய கலவடுக்கைக் கொடுத்து ஏற்றியதைப் பெற்றுச் சென்றார். கலம் கிழடானால் நட்டம் கொம்பனிக்கே. 1924 வரை நடந்த இச்சேவையில் வண்டிகள் 60 இலட்சம் மைலுக்கு மேல் ஓடின. இதற்கிடையே 1912 இல் சாள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் கிளப்பி கடிலாக் கார்களில் பொருத்தப்பட, கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை நீங்கிற்று. பெற்றோல் கார் முந்திவிட்டது. 1939 உடன் ‘டிற்றொயிற் எலெக்ரிக்’கும் ஓய்ந்தது.

1996 இல் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனி வெளியிட்ட ‘ஈ.வி. 1’ கார் வாடகைக்கு மாத்திரம் விடப்பட்டது. பின்னர் கார்கள் திருப்பி எடுக்கப்பட்டு, பெரும்பாலானவை நசுக்கி அழிக்கப்பட்டன. ஆதலால் அதற்குப் பாவித்த கார்ச் சந்தை என்பதே உண்டாகவில்லை.

அச்சந்தையைப் பேரளவில் உண்டாக்கியது, 2010 டிசெம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த நிசான் ‘லீவ்’ காரே. அதன் 24 கிலோவாற்று மணி இலிதியக் கலவடுக்கில் 192 கலங்கள் இருந்தன. அவற்றைக் குளிர்விக்கத் திரவமோ விசிறியோ இருக்கவில்லை. 2012 இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரிலே, பாலைவன வெயிலில் ஓடிய கார்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே கொள்ளளவை இழப்பதாக உரிமையாளர் முறையிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் நிசான் உத்தரவாதம் ஒன்றை அறிவித்தது: ஐந்து ஆண்டுகள் அல்லது 60,000 மைலுக்குள் பன்னிரண்டு கோடுகளில் ஒன்பதுக்குக் கீழே அளவு இறங்கினால் கொம்பனி பழுது தீர்க்கும்.

அக்கோடுகளைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். காரின் முகப்புப் பலகையிலே கலவடுக்கின் உடல்நிலையைக் காட்டும் பன்னிரண்டு சிறு கோடுகள் உள. முதற்கோடு மறைவதற்குள் ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போய்விடும். அதன் பின்னர் மறையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 சதவீதத்தைக் குறிக்கும். எனவே ஒன்பது கோடு என்பது முக்காற்பங்கு அன்று; அதனினும் குறைவு. அன்றியும், காரின் கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவை அழித்துக் கோடுகள் அனைத்தையும் சில காலத்துக்கு மீளத் தோன்றச் செய்யும் வஞ்சகமும் உண்டு.

யப்பானில் முதற் பாவனை முடித்த ‘லீவ்’ கார்கள், வரிச் சலுகை கிடைத்த 2014, 2015 ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கும் பெருமளவில் வந்தன. வெளிநாட்டில் முதல் உரிமையாளருக்குக் கொடுத்த உத்தரவாதம் கடல் கடந்து உடன் வந்துவிடாது. கொழும்பின் வெப்பம் பீனிக்ஸின் கோடைக்கு ஈடாகாதெனினும், கலத்துக்கு ஆறுதல் தரும் மாரிக்குளிரும் இங்கு இல்லை. சேமிப்பைத் திரட்டிக் கார் வாங்கிய குடும்பங்கள், பெற்றோற் செலவில் மிச்சம் பிடித்ததைப் புதிய கலவடுக்கில் இழக்க நேரிடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் முன்னர் வந்த கார்களே நாட்டுக்குள் கைமாறின.

இத்தகைய காரை வாங்குவோர் ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை மாத்திரம் நம்புதல் ஆகாது. வெயிலிலே முழு மின்னேற்றத்துடன் நெடுநாள் நின்ற கார், குறைய ஓடியும் கூடத் தேய்ந்திருக்கும். காரின் கணினியோடு சிறு கருவியை இணைத்து ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றளவையும் படித்துப் பார்ப்பது அமில அடர்த்தியை அளந்த அக்காலத்து முறைக்கு ஒப்பானது. அதனினும் மெய்யான சோதனை பழைய மின்னிறக்கச் சோதனையே. முழுதாக ஏற்றிய காரைத் தெரிந்த வீதியில், ஏற்றமும் சேர, நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். எஞ்சிய அளவு ஒழுங்காகக் குறைகிறதா, அல்லது முப்பதில் நின்றது திடீரெனப் பத்துக்கு வீழ்கிறதா என்று நோக்க வேண்டும். அவ்வாறு வீழ்ந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துகொண்டிருக்கிறது.

பத்திரங்களையும் பார்த்தல் வேண்டும். 2012 இல் ஐரோப்பாவில் வெளிவந்த ரெனோல்ட் ‘சோயே’ கார்கள் பல, ஹாட்போட் முறையை நினைவூட்டுமாறு, கலவடுக்கு வாடகைக்கே உரியதாக விற்கப்பட்டன. அத்தகைய காரை இரண்டாங் கையாக வாங்கியவருக்கு மாத வாடகைக் கடனும் உடன் வந்தது. செவ்ரொலே ‘போல்ற்’ கார்களில் தீப்பற்றும் அபாயம் காணப்பட்டு, 2021 ஓகஸ்டில் அதுவரை செய்த கார்கள் அனைத்தும் திருத்தத்துக்கு அழைக்கப்பட்டன. அத்திருத்தம் நடந்ததா என்பதைப் பதிவேட்டில் காண வேண்டும்.

அரசுகளும் இப்பொழுது இதிலே தலையிட்டுள்ளன. 2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் வாகன விதிமன்றம் ஏற்ற விதியின்படி, ஐந்து ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் வரை 80 சதவீதமும், எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றர் வரை 70 சதவீதமும் கொள்ளளவு எஞ்ச வேண்டும். அவ்விதிக்கு முந்திய பழைய ‘லீவ்’ கார்களுக்கோ இத்துணை இல்லை. அவற்றின் 192 கலங்களும் நான்கு நான்காக 48 கட்டுகளில் அமைந்திருப்பதால், நலிந்த கட்டுகளை மாத்திரம் கழற்றி, வேறு காரிலிருந்து எடுத்தவற்றைப் பொருத்தி விற்பதும் இயலும். “பற்றரி மாற்றியது” என்று விற்பவர் சொல்லும்போது, முழுவதையுமா, சில கட்டுகளை மாத்திரமா, மாற்றியவை எக்காரிலிருந்து வந்தவை என்று கேட்டு, அதனைப் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குவதே தக்கது.