பெட்டிக்குள் வந்த உலகம் – 14: சொந்தக் குரல்

சிட்னி. 1956 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை மாலை. சேனல் 9 நிலையத்தின் கேமரா முன்னால் ஓர் இளைஞர் வந்து நின்றார். மாலை வணக்கம் சொன்னார். தொலைக்காட்சிக்கு உங்களை வரவேற்கிறேன் என்றார். பெயர் புரூஸ் ஜின்ஜெல், வயது 27.

ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கு எந்த ஆண்டு விழா வந்தாலும் இந்தக் காட்சியைப் போட்டுவிடுவார்கள். அந்நாட்டில் பார்க்காதவர் இல்லை. ஆனால் அது அன்றைக்கு எடுத்த படமல்ல. நேரலையாகப் போனதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. பிறகுதான் தப்பு உறைத்தது. ஜின்ஜெலைத் திரும்பக் கூப்பிட்டு, அதே வாசகத்தைச் சொல்லவைத்துப் படம்பிடித்தார்கள். வரலாற்றின் முதல் காட்சியே மறுபடப்பிடிப்பு!

வாசகம் அசல், படம் நகல். அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு நிலைமை தலைகீழ். பெட்டி ஆஸ்திரேலியாவில் இருந்தது. அதற்குள் பேசிய குரல் அமெரிக்காவுடையது.

அந்த ஆண்டு நவம்பரில் மெல்பர்னில் ஒலிம்பிக் போட்டி. அதற்குள் தொலைக்காட்சியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நிலையங்கள் அடுத்தடுத்துத் திறந்தன. பெட்டியோ யானை விலை. மக்கள் கடை வாசலில் கும்பலாக நின்று கண்ணாடி வழியாகப் பந்தயம் பார்த்தார்கள். ஒலிம்பிக் முடிந்தது. நாள்தோறும் எதைக் காட்டுவது?

அமெரிக்கத் தொடர்கள் தயாராக இருந்தன. கௌபாய்கள், துப்பறிவாளர்கள், சிரிப்புக் குடும்பங்கள். போட்ட முதலைச் சொந்த நாட்டிலேயே எடுத்துவிட்ட சரக்கு என்பதால் வெளிநாட்டுக்குச் சல்லிசாகவே வந்தது. அதே ஒரு மணி நேர நாடகத்தைச் சிட்னியில் எடுக்க வேண்டுமென்றால் நடிகர், அரங்கம், கேமரா எல்லாவற்றுக்கும் புதிதாகப் பணம் போட வேண்டும். எந்த முதலாளி போடுவார்? 1963இல் நாடாளுமன்ற மேலவையின் வின்சென்ட் குழு கணக்கெடுத்துப் பார்த்தது. அதுவரை ஒளிபரப்பான நாடகங்களில் 97 சதவீதம் இறக்குமதி. அறிக்கையை வாங்கிய பிரதமர் மென்சீஸின் அரசு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது.

இதற்கு நடுவிலும் ஒரு உள்ளூர்க் குரல் கேட்டது. 1957 மே மாதம் மெல்பர்னில் தொடங்கிய இரவு நேரக் கலகலப்பு நிகழ்ச்சி, ‘இன் மெல்பர்ன் டுநைட்’. நடத்தியவர் கிரகாம் கென்னடி, வானொலியிலிருந்து வந்த 23 வயதுப் பையன். அப்போதெல்லாம் விளம்பரங்களையும் நிகழ்ச்சிக்காரரே நேரலையில் சொல்ல வேண்டும். கென்னடி விளம்பரத்தையே கேலி செய்தார். எழுதிக் கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, சில விநாடி விளம்பரத்தைப் பல நிமிடக் கூத்தாக்கினார். பணம் கொடுத்த கம்பெனிக்காரர்கள் முதலில் பதறினார்கள். சரக்கு விற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ‘ராஜா’ என்றே ஊர் அவரை அழைத்தது. அந்நாட்டின் தொலைக்காட்சி விருதுக்கு, தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பெயர்டின் நினைவாக ‘லோகி’ என்று பெயர் சொன்னவரும் இவர்தான்.

1975 மார்ச் 1 அன்று ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியது. இரண்டு நாள் கழித்து, ஒரு விளம்பரத்தின் நடுவே கென்னடி காக்கை கரைவதுபோல் குரலை இழுத்தார். கரைந்தது காக்கைதானா, அப்பட்டமான கெட்ட வார்த்தையா என்று நாடே அடித்துக்கொண்டது. இனி இவர் நேரலையில் வரக் கூடாது, பதிவு செய்துதான் போட வேண்டும் என்று கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவு போட்டது.

கென்னடி சிரிக்க வைத்தார். உள்ளூர் ஆட்களால் நாடகம் எடுக்க முடியும் என்று நிரூபித்தவர் வேறொருவர், ஹெக்டர் கிராஃபோர்ட். மெல்பர்னில் வானொலி நாடகங்கள் தயாரித்தவர். விக்டோரியா போலீஸின் ஒத்துழைப்போடு வழக்குக் கதைகளை ஒலிபரப்பிய அனுபவம் கையில் இருந்தது. 1964 அக்டோபர் 20 அன்று சேனல் 7இல் அவருடைய ‘ஹோமிசைட்’ தொடங்கியது. மெல்பர்ன் கொலை வழக்குப் பிரிவு துப்பறியும் கதை.

உள் காட்சிகளை அரங்கத்தில் வீடியோ நாடாவில் எடுத்தார்கள். வெளிக் காட்சிகளுக்குப் பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சிக்கனம்தான் காரணம் என்றாலும், தொடரின் உயிரே அந்தத் தெருக்களில்தான் இருந்தது. ரஸ்ஸல் தெரு போலீஸ் தலைமையகத்தின் முன்னால் கார் வந்து நிற்கும். தொப்பி வைத்த துப்பறிவாளர்கள் இறங்குவார்கள். நாம் டிராம் ஏறும் தெருவில் ஒரு கொலை, நம்மைப்போலவே பேசும் ஒரு இன்ஸ்பெக்டர்! அதுவரை போலீஸ் என்றாலே நியூயார்க், லாஸ் ஏஞ்சலீஸ் என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிது. உள்ளூர் நாடகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற வாதம் அத்துடன் செத்தது. ‘ஹோமிசைட்’ 1977 வரை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது.

உலகம் முதலில் அறிந்த ஆஸ்திரேலிய நட்சத்திரத்துக்கோ பேச்சே வராது. 1968இல் தொடங்கிய ‘ஸ்கிப்பி’, ஒரு கங்காருவும் வனக்காவலர் மகன் சானியும் நண்பர்களாக இருக்கும் கதை. மொத்தம் 91 பகுதிகள். சிட்னிக்கு வடக்கே டஃபிஸ் ஃபாரஸ்ட் பகுதியில், வண்ணப் பிலிமில் எடுத்தார்கள். உள்ளூரில் வண்ணம் வர இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. தயாரிப்பாளர்களின் கண் அயல்நாட்டுச் சந்தையில் இருந்தது.

ஸ்கிப்பி ‘ட்சக் ட்சக்’ என்று ஒலி எழுப்பி ஆபத்தைச் சொல்லும், முடிச்சவிழ்க்கும், கதவு திறக்கும். நிஜக் கங்காரு இப்படி ஒலிப்பதில்லை. பழக்கினாலும் பழகுவதில்லை. அதனால் ஒன்றல்ல, பல கங்காருக்களை மாற்றி மாற்றி நடிக்கவைத்தார்கள். படப்பிடிப்புக்கு முன் சாக்குப் பையில் போட்டு வைத்து, வெளியே விட்டதும் அது மிரண்டு நிற்கும் சில விநாடிகளில் காட்சியை எடுத்தார்கள். பொருளைப் பிடிக்கும் ‘கை’, நினைவுப் பொருள் கடையில் புட்டி திறப்பானாக விற்ற கங்காருக் கால்! திரைக்கு வெளியிலிருந்து யாரோ பிடித்து ஆட்டிய அந்தக் காலைத்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் குழந்தைகள் நம்பினார்கள்.

1970இல் நடிகர்களும் எழுத்தாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். தொலைக்காட்சியை ஆஸ்திரேலியமாக்கு என்பது முழக்கம். உள்ளூர் நாடகங்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, நிலையங்கள் இத்தனை புள்ளி சேர்த்தாக வேண்டும் என்ற விதி 1973இல் வந்தது. அதற்குள் மூழ்கும் நிலையிலிருந்த 0-10 நெட்வொர்க் துணிந்து ஒரு சூதாட்டம் ஆடியிருந்தது.

1972 மார்ச் 13. ‘நம்பர் 96’. சிட்னி பாடிங்டன் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே கடைகள், மேலே குடித்தனங்கள், வாரம் ஐந்து நாள் கதை. ஆடையில்லாக் காட்சிகள்தான் பேச்சைக் கிளப்பின. காலத்தைத் தாண்டி நின்றது டான் ஃபின்லேசன் என்ற பாத்திரம். ஒழுக்கமான வழக்கறிஞர், அக்கம்பக்கத்தார் மதிக்கும் மனிதர், ஆண்களை நேசிப்பவர். அந்த மாநிலச் சட்டப்படி அன்று அது குற்றம். சட்டம் மாறியது 1984இல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு டான் வீட்டுக்குள் வந்துவிட்டார். அவரைக் கேலிப் பொருளாக்காமல் பக்கத்து வீட்டுக்காரராகவே எழுதினார்கள்.

1975இல் பார்வையாளர் குறைந்தபோது, குடியிருப்பின் கடையில் குண்டு வைத்துச் சில பாத்திரங்களை ஒரே நாளில் கொன்று கதையைத் தூக்கி நிறுத்தினார்கள். 1977இல் தொடர் முடிந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பகுதிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. நாடா விலை அதிகம் என்று அழித்து, அதன் மேலேயே வேறொன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். ஜின்ஜெல் விஷயத்தில் கற்றிருக்க வேண்டிய பாடம்.

இனி உலகை ஆண்ட தெருவுக்கு வருவோம். குயின்ஸ்லாந்துக்காரரான ரெக் வாட்சன் இங்கிலாந்துக்குப் போய், ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற நெடுந்தொடரைத் தயாரித்து, தொழில் கற்றுத் திரும்பியவர். கிரண்டி நிறுவனத்துக்காகப் பெண்கள் சிறைக் கதையான ‘பிரிசனர்’ தொடரை 1979இல் உருவாக்கினார். பிறகு அதற்கு நேரெதிரான ஒன்றை யோசித்தார். சிறை இல்லை, குண்டு இல்லை. ஒரு முட்டுச்சந்து, சில வீடுகள், பேசிக்கொள்ளும் அண்டை வீட்டார். ‘நெய்பர்ஸ்’ 1985 மார்ச்சில் சேனல் 7இல் வந்தது. 170 பகுதிகளோடு தூக்கிவிட்டார்கள். ஒரு சேனல் எறிந்த நெடுந்தொடரைப் போட்டிச் சேனல் எடுத்து ஓட்டியது அங்கே அதுவரை நடக்காத காரியம். அடுத்த ஜனவரியில் சேனல் 10 எடுத்தது. கைலி மினோக், ஜேசன் டோனவன் என்ற இளசுகள் உள்ளே வந்தார்கள்.

1986 அக்டோபரில் பிபிசி இதை வாங்கிப் பகலில் போட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு கிளம்ப, மாலை 5.35க்கு மாற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே பிரிட்டன் குளிர்கால இருட்டு. பெட்டிக்குள் வெயில், நீச்சல் குளம், அரைக்கால் சட்டை. 1988 நவம்பர் 8 அன்று, டோனவனும் மினோக்கும் நடித்த ஸ்காட், சார்லீன் பாத்திரங்களின் திருமணத்தைப் பிரிட்டனில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 2 கோடிப் பேர், அன்றைய ஆஸ்திரேலிய மக்கள்தொகையை விட மேல். மெல்பர்னின் வெர்மான்ட் சௌத்தில் படப்பிடிப்பு நடந்த ‘பின் ஓக் கோர்ட்’ தெருவுக்கு ரசிகர்கள் பேருந்து வைத்து வந்தார்கள்.

பிறகு பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஒரு புகார் வந்தது. நம் பிள்ளைகள் சாதாரண வாக்கியத்தைக்கூடக் கேள்வி கேட்பதுபோலக் கடைசியில் குரலைத் தூக்கி முடிக்கிறார்கள், எல்லாம் அந்த ஆஸ்திரேலியத் தொடரால் வந்த வினை! ஒரு காலத்தில் ஆஸ்திரேலிய அறிவிப்பாளர்கள் லண்டன் உச்சரிப்பைப் பயிற்சி செய்து பேசினார்கள். இப்போது லண்டன் குழந்தைகள் மெல்பர்ன்போல இழுத்தார்கள்.

ஆனால் அந்தத் தெரு வெகுகாலம் வெள்ளையர் தெருவாகவே இருந்தது. மெல்பர்னில் கிரேக்கரும் வியட்நாமியரும் இந்தியரும் இலங்கையரும் பெருகிய பிறகும் கதைக்குள் அவர்கள் அதிகம் குடிவரவில்லை. 2011இல்தான் கபூர் என்ற இந்தியக் குடும்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2013இல் அதுவும் போய்விட்டது.

நாடகம் தயங்கிய இடத்தில் சமையலறை முந்தியது. 2009இல் தொடங்கிய ‘மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா’ இந்திய வீடுகளிலும் பழக்கமான பெயர். 2018 இறுதிப் போட்டியில் 100க்கு 93 மதிப்பெண் வாங்கி வென்றவர் சசி செல்லையா. சிங்கப்பூரில் பிறந்த தமிழர், அங்கே போலீஸ் வேலை பார்த்தவர். அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? பெண்கள் சிறையில் காவல் அதிகாரி. வாட்சன் கற்பனையில் கட்டிய சிறையில் தமிழருக்கு இடமிருந்ததில்லை. நிஜச் சிறையிலிருந்து ஒருவர் கரண்டியோடு வந்து பட்டம் வாங்கிக்கொண்டு போனார்.

அதே 2018 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியில் ஒரு நாய்க்குட்டி அறிமுகமானது. பிரிஸ்பேனில் ஜோ பிரம் உருவாக்கிய ‘ப்ளூயி’. பகுதிக்கு ஏழு நிமிடம். மரத் தூண்கள் மேல் நிற்கும் குயின்ஸ்லாந்து வீடு, விளையாட்டுக்குச் சலிக்காத அப்பா. அமெரிக்காவுக்குப் போகும்போது குரலை மாற்றவில்லை. 2024இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் மிக அதிக நிமிடங்கள் பார்க்கப்பட்ட தொடர் இதுதான்: 5,500 கோடி நிமிடங்களுக்கு மேல். அமெரிக்கக் குழந்தைகள் கழிவறையை ‘டன்னி’ என்கிறார்களாம். நம்மூர்க் ‘கக்கூஸ்’ மாதிரியான சொல். 97 சதவீதத்தை அனுப்பிய நாட்டுக்கு ஆஸ்திரேலியா திருப்பி அனுப்பிய மொய்!

கணக்கு இத்துடன் தீர்ந்துவிடவில்லை. ‘நெய்பர்ஸ்’ 2022இல் நின்றது, அமேசான் தயவில் மறுபடி எழுந்தது, 2025 டிசம்பரில் மீண்டும் முடிந்தது. பெட்டி போய்ச் செயலிகள் வந்தன. செயலிகளில் பெரியவை அமெரிக்காவுடையவை. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது: பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஆஸ்திரேலியாவுக்காகச் செலவிடும் தொகையில் 10 சதவீதத்தை உள்ளூர்ப் படைப்புகளுக்கு ஒதுக்க வேண்டும். வின்சென்ட் குழு அறிக்கை அலமாரிக்குப் போய் 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.

(அடுத்த வாரம்: பிரேசிலின் இரவுகளைப் பிடித்துக்கொண்ட நெடுந்தொடர்கள்)