லாகின் ஆகுது, ஃபைல் மட்டும் வரல: எஃப்டிபியின் 50 வருஷக் கதை

மடவார் வளாகத்துல எங்க வீட்டு மாடியில இருந்து பேசுறேன். நடுவுல வைத்தியநாத சுவாமி கோயில் மணி கேட்டா பொறுத்துக்கோங்க.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லோட அக்கவுன்ட்ஸ் அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, அட்டெண்டன்ஸ் ஃபைல் இறங்கலைன்னா நாளைக்கு யாருக்கும் சம்பளம் போட முடியாதுப்பா." மில் சர்வருக்குள்ள போனேன். லாகின் ஆச்சு. ஃபைல் லிஸ்ட் கேட்டேன், அப்படியே நின்னுபோச்சு.

ஏன்னு புரிய 1971-க்குப் போகணும். அலகாபாத்ல பிறந்து, ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச்ல படிச்ச அபய் பூஷண், எம்.ஐ.டி.யில இருந்தப்போ அந்த வருஷம் ஏப்ரல் 16-ல எழுதினதுதான் ஆர்.எஃப்.சி 114. எஃப்டிபியோட முதல் வடிவம் அது. அடுத்தடுத்த திருத்தங்கள்ல கட்டளைக்கு ஒரு இணைப்பு, ஃபைலுக்கு இன்னொரு இணைப்புன்னு பிரிச்சாங்க.

பழைய ஆக்டிவ் முறை மிஸ்டு கால் மாதிரி. நாம நம்பரைச் சொல்லிடுவோம், சர்வர் திரும்பக் கூப்பிடும். அன்னைக்கு நெட்வொர்க்ல இருந்தது சில பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தான், அதனால யாரும் யாரையும் தடுக்கல. 90-கள்ல ஃபயர்வால் பரவினதும், வெளியில இருந்து வர்ற அந்தக் கால் வாசல்லயே கட் ஆச்சு.

தீர்வு ஏற்கெனவே இருந்துச்சு. 1985-ல வந்த ஆர்.எஃப்.சி 959-ல 'பாசிவ்' கட்டளை இருக்கு. அதை வச்சு ரெண்டு சர்வருக்கு நடுவுல நேரடியா ஃபைல் அனுப்பலாம். 1994-ல பெல் லேப்ஸ்ல இருந்த ஸ்டீவன் பெல்லோவின், ஆர்.எஃப்.சி 1579-ல, எல்லா கிளையன்ட்டும் இதையே பயன்படுத்தலாம்னு எழுதினார். இதுல சர்வர் நம்பரைச் சொல்லும், நாம கூப்பிடணும்.

ஆனா இப்போ பிரச்சினை சர்வர் பக்கத்து ஃபயர்வாலுக்கு மாறிடுச்சு. அந்த ராத்திரி லாக்ல பார்த்தேன். 227-ன்னு ஆரம்பிக்கிற பதில்ல ஆறு எண்கள்: 192,168,1,10,195,80. முதல் நாலும் முகவரி. கடைசி ரெண்டும் போர்ட்: 195-ஐ 256-ஆல பெருக்கி 80-ஐக் கூட்டினா 50000.

192.168-ன்னா மில்லுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற முகவரி. ஆபீஸ் இன்டர்காம் நம்பரை வெளியூர்க்காரனுக்குக் கொடுத்த மாதிரி. அதோட ரவுட்டர்ல திறந்திருந்தது 21-ஆம் போர்ட் மட்டும்தான். லாகினுக்கு அது போதும், ஃபைலுக்குப் போதாது.

சர்வர் செட்டிங்ல வெளி முகவரியைப் போட்டேன். பாசிவ் போர்ட்டை 50000-ல இருந்து 50100-க்குள்ள அடக்கினேன். அந்த வரம்பை மட்டும் ரவுட்டர்லயும் ஃபயர்வால்லயும் திறந்துவிட்டேன். லிஸ்ட் வந்துச்சு, ஃபைலும் இறங்குச்சு. சனிக்கிழமை சம்பளம் போட்டாச்சு.

மறு வாரமே எஸ்எஃப்டிபிக்கு மாத்திட்டோம். 22-ஆம் போர்ட், ஒரே இணைப்பு, பாஸ்வேர்டும் வெளியில தெரியாது. 2021-ல குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்டிபியைத் தூக்கிட்டாங்க. ஆனா இன்னும் எத்தனையோ ஆபீஸ்ல அது ஓடிட்டுதான் இருக்கு. உங்க ஆபீஸ்ல லாகின் ஆகி லிஸ்ட் நின்னா, முதல்ல அந்த 227 வரியைப் படிங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.