மொபெட்டும் மெல்லிய தகடும்

மொபெட் என்னும் பெயர் 1952-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் பிறந்தது. மோட்டார், பெடல் ஆகிய இரு சொற்களைச் சுருக்கி இணைத்த பெயர் அது. பெயருக்கு முன்பே வண்டி வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரினால் நலிவுற்ற பிரான்ஸில், கார் வாங்க வசதியற்ற தொழிலாளிக்கு 1946-இல் வெலோசோலெக்ஸும் 1949-இல் மொபிலெட்டும் கைகொடுத்தன.

முதல் வெலோசோலெக்ஸில் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓர் உருளையைக் கொண்டு முன்சக்கரத்தின் டயரைத் தேய்த்துச் சுழற்றியது. வண்டியை நிறுத்தும்போது எஞ்சினைக் கைப்பிடியால் தூக்கிவிட வேண்டும். பின்னர் வந்த வகைகளில் தானாக இயங்கும் கிளட்ச் சேர்ந்தது. எஞ்சின் வேகங்கொண்டால் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பற்றும். வேகம் தணிந்தால் வில்கள் அவற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். ஓட்டுபவரின் இடது கைக்கு ஓய்வு கிடைத்தது.

நம் நாட்டில் 1972-இல் புனேயில் லூனா வந்தது. மதுரையில் 1911-இல் பஸ் நடத்தத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமம், 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வண்டியை வெளியிட்டது. இருவர் ஏறிச் செல்லவும் மூட்டை ஏற்றவும் உதவிய அவ்வண்டி, சிறு வியாபாரிகளின் வாழ்வில் இடம்பெற்றது.

பல மொபெட் எஞ்சின்களில் கிளட்ச் டிரம்முக்கும் அதன் அச்சுத்தண்டின் முனைக்கும் நடுவே மெல்லிய எஃகு வளையங்கள் உண்டு. மெக்கானிக்குகள் அவற்றை ஷிம் என்பர். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என அவற்றின் கனம் மாறும். டிரம் தடையின்றிச் சுழலவும், பக்கவாட்டில் ஆடாமலிருக்கவும் வேண்டிய இடைவெளியை அவையே தருகின்றன. கனம் மிகுந்தால் டிரம் இறுகி, எஞ்சின் மெல்ல ஓடும்போதே வண்டி முன்னோக்கி நகரும். கனம் குறைந்தால் டிரம் ஆடி ஓசையிடும். கட்டைகள் ஒருபுறமாகத் தேயும்.

கொல்கத்தாவில் இவ்விஷயம் பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. கரியாஹாட் போன்ற நெரிசல் மிக்க இடங்களில் வண்டி நூறு அடிக்கு ஒருமுறை நின்று புறப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கிளட்ச் பற்றி விடுவதால் அதன் உறுப்புகள் சூடேறுகின்றன. இடைவெளி பிழையாயின் தேய்மானம் விரையும். கூடையோடு காலையில் புறப்பட்ட வியாபாரி பாதி வழியில் நின்றுவிடுவார். அவருடைய அன்றைய வரும்படி அதனோடு போகும்.

பழுதுபார்க்கையில் ஷிம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு மூடியோடு வந்துவிடும். துடைக்கும் துணியோடு குப்பைக்கும் போகும். ஆகவே மூடியைத் திறந்தவுடன் வளையங்களை எண்ணி, வந்த வரிசையிலேயே தனியே வைத்துக்கொள்வது நலம். புதிய டிரம்மோ பேரிங்கோ போட்டால் பழைய கனம் பொருந்தும் என நம்பலாகாது. ஃபீலர் கேஜால் மீண்டும் அளக்க வேண்டும். மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகளில் தேடும்போது தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்காமல், பழைய ஷிம்மைக் கையோடு கொண்டுபோய்க் கனத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

பெருந்தேருக்கும் ஓர் அச்சாணி வேண்டும் என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். மொபெட்டுக்கு அத்தகைய ஒன்று இந்த வளையம். கிளட்ச் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று யாரேனும் கூறினால், முதலில் ஷிம்மை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.